கணினி நூலின் தரம் காணல்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் சங்கத்தின் மரபு. சிலம்பையும் குறளையும் பற்றிக் கற்றறிந்த அன்பர்கள் பலர் இங்கே நின்று உரையாற்றியிருக்கின்றனர். இவ்வாண்டு செயலாளர் அவர்கள் என்னை அழைத்து, "நீங்கள் சங்க நூல்நிலையத்தைப் பார்த்துக்கொள்பவராயிற்றே, நூல்களைப் பற்றி ஏதேனும் பேசுங்கள்" என்று பணித்தார். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்ட ரெயில்வே குமாஸ்தா ஒருவன் இலக்கியத்தின் நயம் காட்ட முற்பட்டால் அது நகைப்பிற்கு இடமாகும். ஆகவே, நம் நூல்நிலைய அலமாரியில் இலக்கிய நூல்களுக்கு அடுத்த தட்டில் இருக்கும் கணினி நூல்களைப் பற்றிப் பேசலாம் என்று துணிந்தேன்.

இக் காலனியில் கணினி பயிலாத பிள்ளைகள் இருக்கும் வீடு அரிது. அவர்களுள் பலர் இணையத்தளங்களை அமைக்கும் தொழிலை நாடுகின்றனர். அதற்குரிய நூல்களைப் பணங் கொடுத்து வாங்கித் தருபவர்கள் பெற்றோராகிய நாம். ஆனால் அந் நூல்களில் ஒரு வரியேனும் நமக்கு விளங்குவதில்லை. மாம்பழம் வாங்கினால் முகர்ந்து பார்க்கின்றோம். அரிசி வாங்கினால் கையில் அள்ளிப் பார்க்கின்றோம். கணினி நூலை எதைக்கொண்டு பார்ப்பது? நான் இன்று சொல்ல வந்தது இது ஒன்றே: ஒரு நூலின் பொருள் விளங்காதவரும் அந் நூல் நேர்மையானதா என்பதைப் பெரும்பாலும் சோதித்து அறிய முடியும். இதை நான் அறிவினால் கற்கவில்லை. ஒரு தவற்றினால் கற்றேன். அதை முதலில் சொல்லிவிடுகின்றேன்.

2022ஆம் ஆண்டு என் மூத்த மகள் பாலிடெக்னிக்கில் பயின்றுகொண்டிருந்தாள். இணையத்தளம் அமைக்க உதவும் பி.எச்.பி. என்னும் நிரல்மொழியைக் கற்பதற்கு ஒரு நூல் வேண்டும் என்றாள். கொல்கத்தாவிற்குச் சென்றிருந்த சமயம், காலேஜ் தெரு நடைபாதைக் கடை ஒன்றில் தலையணை போன்ற ஒரு நூலைக் கண்டேன். முன்பக்கத்தைப் புரட்டினேன், 2019 என்று அச்சிட்டிருந்தது. பருமனான நூல், புதிய நூல், பாதி விலை! பெருமிதத்தோடு வாங்கி வந்து கொடுத்தேன்.

மாணவர் பெயர்களைப் பதிந்து வைக்கும் பயிற்சி ஒன்று அந் நூலில் இருந்தது. மகள் அதை அப்படியே தட்டச்சுச் செய்தாள். கணினியோ, இப்படி ஒரு கட்டளையே இல்லை என்று பிழை காட்டியது. மூன்று இரவுகள் முயன்றாள். "கவனமின்றி எழுத்துப் பிழை செய்திருப்பாய்" என்று கடிந்துகொண்டேன். பிறகு நானே உடன் அமர்ந்தேன். ரெயில்வே ரசீதையும் இன்வாய்சையும் ஒப்பு நோக்குவது போல, நான் நூலில் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். அவள் திரையைப் பார்த்துச் சரி சரி என்றாள். ஓர் எழுத்தும் பிசகவில்லை. அப்போதும் நான் நூலை ஐயுறவில்லை, மகளையே ஐயுற்றேன். "உனக்கு இது வராது அம்மா, வேறு ஏதேனும் படி" என்று சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் பேசாமல் நூலை மூடிவைத்தாள்.

அவ்வாண்டுத் தீபாவளிக்குப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் இளைஞர் பெங்களூரிலிருந்து வந்திருந்தார். இணையத்தளம் அமைப்பதே அவர் தொழில். அந் நூலை அரை நிமிடம் பார்த்தார். "மாமா, தங்கச்சி மேல் தவறு இல்லை. இதில் சொல்லியிருக்கும் கட்டளையையே மொழியிலிருந்து எடுத்துவிட்டார்கள்" என்றார். மை.எஸ்.க்யூ.எல். என்னும் தரவுத்தளத்தோடு பேசுவதற்குப் பி.எச்.பி. மொழியில் பழைய கட்டளைத் தொகுதி ஒன்று இருந்தது. 2013இல் வந்த 5.5 வெளியீட்டிலேயே, இதைக் கைவிடுங்கள் என்று அறிவித்துவிட்டனர். 2015 டிசம்பரில் வந்த 7.0 வெளியீட்டில் அதை அடியோடு நீக்கிவிட்டனர். "அப்படியானால் நூலில் 2019 என்று இருக்கின்றதே?" என்று கேட்டேன். அவர் அந்தப் பக்கத்தில் சிறிய எழுத்தைச் சுட்டிக் காட்டினார். 2019 என்பது மறு அச்சு செய்த ஆண்டு. நூலைக் கடைசியாகத் திருத்திய ஆண்டு 2012.

இதில் எனக்கு வெட்கம் என்னவென்றால், இதை அறிந்திருக்க வேண்டியவனே நான் என்பதுதான். எங்கள் அலுவலக விதிநூல்களுக்கு அவ்வப்போது திருத்தச் சீட்டுகள் வரும். சீட்டு வந்தவுடன் அதைக் கத்தரித்துப் பழைய வரியின்மேல் பசை தடவி ஒட்டி, சீட்டின் எண்ணையும் நாளையும் குறித்து வைப்பது நான் பணியில் சேர்ந்த காலத்து முதற் பாடம். சீட்டு ஒட்டாத விதிநூல் கையில் இருப்பதைவிட விதிநூலே இல்லாமல் இருப்பது மேல் என்று என் தலைமைக் குமாஸ்தா சொல்லுவார். இல்லாதவன் பிறரைக் கேட்பான். பழைய நூலை வைத்திருப்பவன் துணிந்து தவறு செய்வான். பன்னாட்கள் அலுவலகத்தில் கைக்கொண்ட இவ்விதியை வீட்டில் மறந்தேன். மகளிடம், "உன்மேல் தவறில்லை, அம்மா; பார்த்து வாங்கத் தெரியாதவன் நான்" என்று சொன்னேன். எனினும் அவள் அந்தப் பாடத்தை மீண்டும் தொடுவதற்கு ஆறு மாதம் ஆயிற்று. நூலின் பிழை படிப்பவரின் பிழையாக மாறி, அவரது ஊக்கத்தையே கெடுத்துவிடுகின்றது. ஆகையால்தான் இதை ஒரு விழா மேடையில் பேசத் தகுந்த பொருள் என்று எண்ணுகின்றேன்.

அன்பர்களே! நூலின் தரத்தை ஆராய்வது தமிழர்க்குப் புதியதன்று. பவணந்தி முனிவர் தம் நன்னூலின் பாயிரத்திலேயே நூலுக்குரிய குற்றங்கள் பத்தையும் அழகுகள் பத்தையும் வகுத்துரைத்திருக்கின்றார். சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வதும், வேண்டாததை மிகுத்துச் சொல்வதும், முன்னுக்குப் பின் முரண்படுவதும், எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரிப்பதும் அவர் கண்ட குற்றங்களுள் சில. அவை அனைத்தும் கணினி நூலுக்கும் பொருந்தும். ஆனால் இத்துறைக்கென்று பதினோராவது குற்றம் ஒன்றையும் சேர்க்கவேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. தன் காலத்தைச் சொல்லாமை என்பதே அது. இனி, நூலைக் கையில் எடுத்தவுடன் செய்யத்தக்க ஐந்து சோதனைகளைக் கூறுகின்றேன்.

முதலாவது, காலச் சோதனை. தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். மறு அச்சின் ஆண்டை விட்டுவிடுங்கள். திருத்திய பதிப்பின் ஆண்டைத் தேடுங்கள். பிறகு, மொழியின் எந்த வெளியீட்டிற்காக எழுதப்பட்டது என்று முன்னுரையில் சொல்லியிருக்கின்றதா என்று பாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட் என்னும் மொழியை 1995இல் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாட்களில் உருவாக்கினார். அம்மொழி 2015இல் பெரிதும் புதுப்பிக்கப்பட்டது. அதுவரை மாறியை அறிவிப்பதற்கு 'வார்' என்ற ஒரு சொல்லே இருந்தது. அதன்பின் 'லெட்', 'கான்ஸ்ட்' என்ற சொற்கள் வந்தன. 'வார்' ஒன்றையே சொல்லி, மற்ற இரண்டின் பெயரையும் சொல்லாத நூல் 2015க்கு முற்பட்ட அறிவைத் தருவது என்று அறியலாம். அவ்வாறே பக்கத்தில் எழுத்துக்கு நிறம் கொடுக்க 'ஃபாண்ட்' என்னும் குறியைக் கற்பிக்கும் நூல் மிகப் பழையது. அக் குறியைத் தவிர்க்கும்படி 1997ஆம் ஆண்டின் எச்.டி.எம்.எல். 4 விதியே சொல்லிவிட்டது. 'ஃப்ளாஷ்' கற்பிக்கும் நூலோ இன்று வரலாற்று நூலே ஆகும்; ஃப்ளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பரோடு முடிந்துவிட்டது.

இரண்டாவது, எடைச் சோதனை. நூலின் பருமனைக் கண்டு மயங்கலாகாது. கெர்னிகன், ரிட்சி என்னும் இருவர் சி மொழியைப் பற்றி 1978இல் எழுதி, 1988இல் திருத்திய நூல் 300 பக்கத்திற்கும் குறைவானதே. உலகெங்கும் நிரல் எழுதுவோர் இன்றும் அதை மதித்துப் போற்றுகின்றனர். டேவிட் ஃப்ளானகன் ஜாவாஸ்கிரிப்டைப் பற்றி எழுதிய பெருநூலின் ஆறாம் பதிப்பு 2011இல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டி வந்தது. 2020இல் வந்த ஏழாம் பதிப்போ ஏறத்தாழ எழுநூறு பக்கமாகச் சுருங்கியது. இடையில் மொழி வளர்ந்திருக்க, நூல் இளைத்தது எவ்வாறு? அகராதி போன்ற பகுதியை இணையத்திலேயே தேடிக்கொள்ளலாம் என்ற நிலை வந்தபின், அதை நூலில் சுமப்பது தேவையற்றதாயிற்று. வேண்டாததை விலக்கும் துணிவும் நூலாசிரியர்க்கு அழகே.

எடையோடு சேர்த்து வாக்குறுதியையும் நிறுத்துப் பாருங்கள். 24 மணி நேரத்தில் கற்கலாம், 21 நாளில் கற்கலாம் என்று அட்டையில் எழுதிய நூல்கள் பல உண்டு. கணினி அறிஞர் பீட்டர் நார்விக் இவற்றைக் கண்டு, நிரல் எழுதுதலைப் பத்து ஆண்டுகளில் கற்றுக்கொள்ளுங்கள் என்ற பொருளில் தலைப்பிட்டே ஒரு கட்டுரை எழுதினார். பத்து ஆண்டு என்பது கேட்டு இளைஞர்கள் அஞ்ச வேண்டா. எந்தத் தொழிலும் கைவர அவ்வளவு காலம் ஆகும் என்பது இக் காலனியில் உள்ள டிரைவர்க்கும் ஃபிட்டர்க்கும் தெரியாததன்று.

மூன்றாவது, கைச் சோதனை. நூலின் நடுவே ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து, அங்குள்ள உதாரணம் ஒன்றைப் பிள்ளையை விட்டு எழுத்துத் தவறாமல் தட்டச்சுச் செய்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் அத்தியாயத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டா. முதல் அத்தியாயம் எந்த நூலிலும் ஓடும். நடுப்பகுதி ஓடுகின்றதா என்பதே கேள்வி. ஓடாவிட்டால், அந் நூலுக்குப் பிழைத் திருத்தப் பட்டியல் ஏதேனும் உண்டா என்று தேடுங்கள். ஓரைலி போன்ற பதிப்பகங்கள் தம் நூல்களுக்கு அத்தகைய பட்டியலை இணையத்தில் வைத்திருக்கின்றன. அது அவற்றின் திருத்தச் சீட்டு.

பிழைப் பட்டியல் நீண்டிருந்தால் அதைக் குறையென்று எண்ணவேண்டா. 1968இல் தம் பெருநூலின் முதல் தொகுதியை வெளியிட்ட டொனால்டு கனூத் என்னும் பேராசிரியர், அதில் பிழை காண்பவர்க்குப் பரிசுக் காசோலை அனுப்பும் வழக்கத்தைக் கொண்டார். தொகை 2 டாலர் 56 சென்ட். பதினாறை அடியாகக் கொண்ட கணிப்பு முறையில் 256 என்பதை 100 என்று எழுதுவர். அந்த வேடிக்கைக்காகவே அத் தொகையை வைத்தார். அக் காசோலையை வங்கியில் கொடுக்காமல் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டி வைத்துக்கொண்டவர்கள் பலர். தம் பிழையைச் சொன்னவர்க்குப் பணங் கொடுத்த ஆசிரியரின் நூலை நாம் நம்பலாம் அல்லவா?

நான்காவது, காப்புச் சோதனை. இதைப் பெற்றோர் அவசியம் கவனிக்க வேண்டும். நாம் ரொக்க ரசீது எழுதும்போது தொகையை எழுத்தால் எழுதி, 'மட்டும்' என்று முடித்துக் கோடிழுக்கின்றோம். ஏன்? வெற்றிடத்தில் பிறர் ஒரு சொல்லைச் சேர்த்துப் பொருளையே மாற்றிவிடலாகாது என்பதற்காக. இணையத்தளத்திலும் இதுவே நிகழ்கின்றது. பெயரை எழுதுக என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் எழுதியதை அப்படியே தரவுத்தளக் கட்டளையோடு ஒட்டி அனுப்பும் நிரலாக இருந்தால், தீயவன் ஒருவன் பெயருக்குப் பதிலாகக் கட்டளையின் ஒரு துண்டை அதில் எழுதிவிடுவான். எது பெயர், எது கட்டளை என்று தரவுத்தளத்திற்குத் தெரியாது. அவன் சொன்னதைச் செய்துவிடும். இதற்கு எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷன் என்று பெயர். 1998ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி வெளிப்படையாக எழுதிவிட்டனர். கட்டளையை முதலில் தனியே அனுப்பி, பெயரைப் பின்னர்த் தனியே அனுப்புவது இதற்கு மாற்று. அம்முறைக்குப் பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட் என்று பெயர்.

தரவுத்தளத்தைப் பற்றிப் பேசும் நூலின் கடைசியில் உள்ள சொல்லடைவில் இவ்விரு பெயர்களையும் தேடுங்கள். இரண்டும் இல்லையாயின் அந் நூலை வாங்காதீர்கள். அவ்வாறே கடவுச்சொல்லைப் பற்றிய பகுதியையும் பாருங்கள். அதை உள்ளபடியே சேமிக்கவோ, எம்.டி.5 என்னும் பழைய முறையால் மறைத்துச் சேமிக்கவோ கற்பிக்கும் நூல் பிறர் வீட்டுச் சாவியைத் திண்ணையில் வைக்கச் சொல்லும் நூலாகும். இதற்கென்றே தகுந்த கட்டளை ஒன்று பி.எச்.பி. மொழியில் 2013 முதல் இருக்கின்றது. உதாரணம் ஓடினால் போதாதா என்று கேட்பார் உண்டு. போதாது. ஓடாத நூல் படிப்பவரை மட்டும் வருத்தும். காப்பில்லாமல் ஓடும் நூலோ அவர் அமைக்கும் தளத்தை நம்பி வருவோரை எல்லாம் வருத்தும்.

ஐந்தாவது, காரணச் சோதனை. இப்படி எழுது என்று மட்டும் சொல்கின்றதா, ஏன் இப்படி எழுதவேண்டும் என்றும் சொல்கின்றதா? ஓர் உதாரணம் கூறுகின்றேன். ஜாவாஸ்கிரிப்டில் இரண்டு பொருள்கள் சமமா என்று கேட்பதற்கு இரட்டைச் சமக்குறியும் உண்டு. மூன்று சமக்குறியும் உண்டு. இரட்டைக் குறியிட்டுக் கேட்டால், எழுத்தே இல்லாத வெற்றுச் சரமும் 0 என்னும் எண்ணும் சமம் என்று விடை வரும். '0' என்று எழுதிய சரமும் 0 என்னும் எண்ணும் சமம் என்றும் வரும். ஆனால் வெற்றுச் சரமும் '0' என்ற சரமும் சமமா என்று கேட்டால் அல்ல என்று வரும்! இது என்ன விந்தை என்று மாணவர் திகைப்பார். மூன்று குறியே இடுக என்று ஆணையிட்டு நகரும் நூல் இடைத்தரமானது. இரட்டைக் குறி ஒப்பிடுமுன் ஒன்றை மற்றொன்றின் இனமாக மாற்றிக்கொள்கின்றது, மூன்று குறி அவ்வாறு மாற்றுவதில்லை என்று காரணத்தையும் காட்டி, ஒரு பயிற்சியும் கொடுக்கும் நூலே முதல்தரமானது. மரைன் ஹாவர்பேக் எழுதிய 'எலக்வென்ட் ஜாவாஸ்கிரிப்ட்' பயிற்சிகளோடு கூடிய இத்தகைய நூல். 2011இல் அச்சில் வந்து, 2014, 2018, 2024 ஆகிய ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டது. அதை இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். விலை இல்லாதது தரம் இல்லாதது ஆகாது என்பதற்கும் அது சான்று.

இவ்வளவும் கேட்டபின், பழைய நூல்களை எல்லாம் ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்வதாக எவரும் கருத வேண்டா. கருவியைப் பற்றிய நூல் விரைவில் மூப்படையும். கருத்தைப் பற்றிய நூல் மெல்லத்தான் மூப்படையும். டக்ளஸ் கிராக்ஃபோர்டு 2008இல் ஜாவாஸ்கிரிப்டின் நற்பகுதிகளைத் தேர்ந்து காட்டி ஒரு சிறு நூல் எழுதினார். அதன் உதாரணங்கள் 2015க்கு முந்திய வழக்கைச் சேர்ந்தவை. ஆயினும், ஒரு மொழியில் இருப்பதனாலேயே ஒன்றைப் பயன்படுத்த வேண்டியதில்லை, நல்லது தேர்ந்து கொள்ளவேண்டும் என்ற அதன் படிப்பினை இன்றும் பழுதுபடவில்லை. பழைய நூல் தன் வயதை ஒளிக்காதவரை அதனால் தீங்கில்லை.

கணினியே கேட்டதற்கெல்லாம் விடை சொல்லும் இந்நாளில் நூல் எதற்கு என்று இளைஞர் சிலர் வினவக்கூடும். அந்த இயந்திரமும் முன்னோர் எழுதியவற்றைக் கண்டே கற்றது. பழைய முறையையும் சில வேளை புதியது போல் எடுத்துத் தரும். அதன் விடைக்கும் இவ் ஐந்து சோதனைகளே பொருந்தும். சோதிக்கும் பழக்கத்தை நல்ல நூல் ஒன்றே முறையாகப் பழக்கும்.

இறுதியாக, சங்கத்தின் முன் ஒரு விண்ணப்பம். நம் அலமாரியில் உள்ள கணினி நூல்கள் பெரும்பாலும் இக் காலனிக் குடும்பங்கள் அன்போடு அளித்தவை. கொடுத்தவர்கள் இதோ எதிரில் அமர்ந்திருக்கின்றீர்கள். அந் நூல்களுள் பலவற்றை நம் பிள்ளைகள் கையில் கொடுப்பது தகாது என்று சொல்ல எனக்கு இதுகாறும் நா எழவில்லை. இன்று சொல்லிவிட்டேன், பொறுத்தருள வேண்டும். எந்த நூலையும் எறிய வேண்டா. ஒவ்வொரு நூலின் முகப்பிலும் ஒரு சீட்டு ஒட்டுவோம். திருத்திய பதிப்பின் ஆண்டு எது, மொழியின் எந்த வெளியீட்டிற்கு உரியது, எந்தப் பக்கத்து உதாரணத்தை யார் எந்நாளில் ஓட்டிப் பார்த்தார், என்ன விடை வந்தது என்ற நான்கையும் அதில் எழுதுவோம். சோதிக்கும் பொறுப்பை நம் இளைஞர்கள் ஏற்கட்டும். தேறாத நூல்களைக் கீழ்த் தட்டில் வைத்து, 'வரலாறு' என்று எழுதி வைப்போம்.

அத் தட்டில் முதலாவதாக வைக்கப்பெறும் நூல், நான் காலேஜ் தெருவில் பெருமிதத்தோடு வாங்கிய தலையணை நூலே. அதற்குரிய சீட்டை நேற்றிரவு என் மகள் தன் கையாலேயே எழுதி ஒட்டித் தந்தாள். மூன்று இரவுகள் அவள் பட்ட பாடு அதில் ஒரே வரியாக இருக்கின்றது. இனி அந் நூலை எடுக்கும் பிள்ளை எதுவும் தன்னைத் தானே நொந்துகொள்ள வேண்டியதில்லை.